காதும் கண்ணும்

ஆணிக்காரருக்கு அப்படிப் பெயர் வந்தது ஆணித் தொழிற்சாலையால்தான். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒரே தகரக் கொட்டகை, ஒரே இயந்திரம். கம்பி உள்ளே போகும், தலை தட்டப்பட்டு ஆணியாகக் கொட்டும். காதுக்குப் பஞ்சு கொடுத்தார்கள். அதை அடைத்துக்கொண்டால் இயந்திரம் எப்போது தகராறு செய்யும் என்று தெரியாது என்பது அவர் வாதம். ஊர் சொல்லியும் கேட்கவில்லை, மனைவி சொல்லியும் கேட்கவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்குதான், அப்போதே.

முதல் மழை விழுந்ததும் அவரும் மனைவியும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு காட்டோரக் குட்டைக்குத் தவளை பார்க்கப் போய்விடுவார்கள். அவள் சட்டைப் பட்டறையில் பொத்தான் தைப்பவள். கண் கூர்மை, ஆனால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அவளுக்குச் சுத்தமாகப் பிடிபடாது. ஆகவே கூட்டுத்தொழில். பொழுது சாயும் நேரத்தில் அவர் தலையைச் சாய்த்துக் கேட்டு, "அந்தப் புதர், இடது பக்கம்" என்பார். அவள் டார்ச்சோடு போய் இலை இலையாகத் தேடிக் கண்டுபிடிப்பாள். காது அவருடையது, கண் அவளுடையது.

எல்லாவற்றிலும் அவருக்கு உயிர் ஒரு பச்சைத் தவளை. கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும், அவர்கள் வாயில் அது குட்டி. கண்ணாடி டம்ளரில் ஸ்பூன் நுனி பட்டதுபோல ஒரு சத்தம் போடும். அதைக் கேட்பதற்காகவே வருஷம் முழுக்க ஆணி அடித்துத் தள்ளலாம் என்று அவருக்குத் தோன்றும்.

ஒரு மழைக்காலத்தில் அந்தச் சத்தம் வரவில்லை. தவளை இல்லை போலிருக்கிறது என்று நினைத்தார். பக்கத்தில் மனைவி, "அடேயப்பா, குட்டி இன்னைக்கு என்னா கத்து கத்துது!" என்றாள். அவர் மறுபடி காது கொடுத்துக் கேட்டார். பெரிய தவளைகளின் கரகரப்பு நன்றாகக் கேட்டது. குட்டியின் சத்தம் மட்டும் போய்விட்டது. ஊருக்குத் திரும்பியதும் தனியாகக் காது டாக்டரிடம் போனார். "போன நரம்பு போனதுதாங்க" என்றார் டாக்டர்.

வீட்டில் மூச்சு விடவில்லை. அடுத்த மழையிலிருந்து அவருக்கு நீர்ப்பல்லி மேல் திடீர்ப் பாசம். பார்வைக்குப் பல்லி, பிறப்பில் தவளைக்கு ஒன்றுவிட்ட தம்பி. குட்டையின் அடியில் வாலை அசைத்துத் திரியும். மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போய்விடும். வாயில்லாப் பூச்சி. அதனிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லாததால், கேட்கவில்லையே என்ற ஏக்கமும் இல்லை. கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பார்ப்பார். "தவளையை எத்தனை வாட்டி பாக்கிறது? இதைப் பாரு, எவ்வளவு மரியாதையா இருக்கு!" என்பார். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காது புதர்ப் பக்கம்தான் ஏங்கிக் கிடக்கும்.

இந்த மழைக்கு அவள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்: "குட்டியைப் பாக்காம நான் கூடாரத்தை மடிக்க மாட்டேன். எங்க கத்துதுன்னு சொல்லுங்க."

தப்பிக்க வழியில்லை. எழுந்து நின்றார். பழைய பழக்கத்தில் தலையைச் சாய்த்தார். குத்துமதிப்பாகக் கையை நீட்டினார்.

"அதோ, அந்தக் கோரைக்குள்ள. இப்பக்கூட கத்துது பாரு."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அன்று தவளை தப்பித்துவிட்டது.

"என்னங்க," என்றாள் மெதுவாக. பிறகு, அவருக்குக் கேட்கும்படி கொஞ்சம் உரக்க: "நீங்க எழுந்திரிச்சப்பவே அது நிறுத்திடுச்சு."

அவர் கையை இறக்கினார்.

"எப்பலேருந்து இப்படி?"

"ரொம்ப நாளாச்சு."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா, இனிமே எதுக்கு அங்க போகணும்னு சொல்லிடுவே. இங்க வந்து நின்னா ஒரு தடவையாவது கேட்டுடாதான்னு இருக்கு எனக்கு."

அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு தனியாகவே தேடினாள். திசை தெரியாததால் குட்டையை முழுதாகச் சுற்றினாள், புடவையெல்லாம் சேறு. கடைசியில் கை காட்டி அழைத்தாள். அவர் நீட்டிய பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம், ஒரு இலையின் மேல் குட்டி உட்கார்ந்திருந்தது. அதன் தொண்டை பொம்மென்று ஊதி அடங்கியது.

அவள் அவர் உள்ளங்கையைத் தன் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். தவளை கத்தும்போதெல்லாம் விரல் நுனியால் ஒரு தட்டு. ஊதும், தட்டுவாள். ஊதும், தட்டுவாள்.

அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று நினைவிலிருந்து கூட்டிப் பார்த்தார். சரியாக வரவில்லை. கண் நிறைந்துவிட்டது, ஆனாலும் தவளையின் தொண்டையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தொண்டை அடங்கிவிட்டது. தவளை கத்துவதை நிறுத்திவிட்டது. அவள் மட்டும் தட்டிக்கொண்டேயிருந்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.