முன்பக்க ஓட்டைகளில் குங்குமம்

என் மனைவி காக்களூரில் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தாள். எட்டு மணி நேரமும் நின்றபடியே செய்யும் வேலை. சாயங்காலம் வந்ததும் காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்துவிடுவாள். செருப்பு வாரின் தடம் வீக்கத்தில் பள்ளமாகத் தெரியும். அவள் பன்னிரண்டாவது படித்தவள், நான் எட்டாவதோடு நின்றவன். வீட்டில் உட்கார்ந்தே டைப் அடிக்கும் வேலை ஒன்று இருப்பதாகக் கூட வேலை செய்யும் பெண் சொல்ல, இவளும் பேர் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு டெஸ்ட். செல்போனில் எழுதக் கூடாது, கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும். முடியும்வரை கேமரா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் படம் அறுந்தால் மறு டெஸ்ட் கிடையாது.

கம்ப்யூட்டர் இருந்தது. நான் வேலை பார்க்கும், இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் ஆபீசுக்குப் புதுசு வாங்கியபோது, பழசை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். கீபோர்டும் மவுசும் உருண்டை முனை வைத்த அந்தக் காலத்து வகை, அவற்றுக்கு யூஎஸ்பி தேவையில்லை. யூஎஸ்பி ஓட்டை முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் நான்கு. பின்பக்கம் நான் கை வைத்ததே இல்லை. ஒயர் எல்லாம் அங்கேதான் இருக்கிறது, ஷாக் அடித்துவிடுமோ என்று பயம்.

சனிக்கிழமை காலையில், டெஸ்டுக்காக வாங்கி வந்த கேமராவை முன்பக்கம் சொருகினாள். டிங் என்றது. விளக்கு எரிந்து உடனே அணைந்தது. பக்கத்து ஓட்டையில் அதுவும் இல்லை.

"இன்னாங்க, இதுலயும் வர்ல, அதுலயும் வர்ல."

"நான் அப்பவே சொன்னேன், புது கேமராவ கடையிலயே போட்டுப் பாத்து வாங்குன்னு."

"நீங்க இன்னாதான் சொல்லல? இந்தக் கம்ப்யூட்டரு ஒரு நாள் வெடிச்சிரும்னுகூடதான் சொன்னீங்க."

எங்கள் கம்பெனி எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டேன். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்.

"நைனா, பதறாத. கேமராவ வேற கம்ப்யூட்டர்ல சொருவிப் பாரு. கேமரா பூட்சா, ஓட்டை பூட்சான்னு தெரிஞ்சிரும்."

தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போனேன். சொருகியதும் திரையில் என் முகமே வந்தது, யாரையோ ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தவன் மாதிரி. அப்படியானால் கேமரா நல்லாத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து, மனைவி அடுப்படியில் இருந்தபோது ஓட்டைக்குள் டார்ச் அடித்தேன். உள்ளே சிவப்பாக இருந்தது.

அது நான் வைத்த குங்குமம். ஒரு வருஷம் ஆயுத பூஜையில், கம்பெனியில் ஒரே ஒரு மிஷினுக்குப் பொட்டு வைக்க மறந்துவிட்டேன். அடுத்த வாரம் அதே மிஷினில் ஒருவருக்கு விரல் நசுங்கியது. என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் எதையும் விட எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரிலும் வருஷா வருஷம் பட்டன், மூடி, ஓட்டை என்று ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். அது உள்ளே போய்க் காய்ந்து கட்டியாகிக் கிடந்தது.

"இன்னாங்க அது உள்ள?" என்றாள் அங்கிருந்தே.

"தூசி" என்றேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பல்குச்சியால் சுரண்டினேன். கொஞ்சம் வந்தது, இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். உள்ளே நாக்கு மாதிரி இருந்த பிளாஸ்டிக் கோணிக்கொண்டது. பயந்துபோய் நிறுத்திவிட்டு ஆன் செய்தேன். கறுப்புத் திரையில் இங்கிலீஷில் ஏதோ எழுத்து வந்தது. கீழே ஒரு நம்பர் ஒவ்வொன்றாகக் குறைந்தது. மனைவி ஓடி வந்து படித்தாள்.

"கரண்ட்டு ஜாஸ்தியா போவுதாம். பதினஞ்சு செகண்டுல ஆஃப் ஆயிடுமாம்."

ஆனது. எத்தனை தடவை போட்டாலும் அதே எழுத்து, அதே நம்பர். ஓட்டைதான் போயிருந்தது, இப்போது மொத்தமும் போச்சு என்று நினைத்தேன். நாளைக்கு டெஸ்ட். மறுபடி போன் போட்டேன்.

"குச்சி வுட்டு நோண்டினியா?" என்றார் எலக்ட்ரீசியன்.

"லைட்டா."

"உன் லைட்டு எனக்குத் தெரியாதா? உள்ள தகடு வளைஞ்சி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு கீது. பிளக்க எடுத்துட்டு மூடியத் தொற. முன்னாடி ஓட்டையிலேர்ந்து போர்டுக்கு ஒரு ஒயர் போவும், அத்தப் புடுங்கிடு. அப்பால கேமராவ பின்னாடி சொருவு."

"தப்பான ஒயரப் புடுங்கிட்டா?"

"திரும்பச் சொருவு. உசுரா போவுது?"

மனைவி டார்ச் பிடித்தாள். ஓட்டையிலிருந்து போன ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். "இதுதானே?" என்று மூன்று தரம் கேட்டேன்.

"பேஜாரு பண்ணாதீங்க. இழுங்க."

இழுத்தேன், வந்துவிட்டது. மூடியை மாட்டி ஆன் செய்ததும் நம்பர் வராமல் நேராகத் திறந்தது. பின்பக்கம் முதல் ஓட்டையில் கேமரா எரியவில்லை, இரண்டாவதில் எரிந்தது. திரையில் அவள் முகம் வந்தது. அதைப் பார்த்துத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். நான் பயத்தில் பொட்டு வைக்காமல் விட்ட பக்கம் அது.

கேமரா ஒயர் நீளம் பத்தவில்லை. சி.பி.யூவை ஸ்டூலில் ஏற்றி, பின்பக்கம் நம் பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தோம். அந்த ஓட்டையும் லூசு, ஒயர் அசைந்தால் விளக்கு அணைந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை நான் கேமராவில் விழாதபடி ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் குத்துக்காலிட்டு, சொருகிய இடத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம். தும்மல் வந்துவிடுமோ, கரண்ட் போய்விடுமோ, தெருவில் யாராவது என் பேர் சொல்லிக் கூப்பிடுவார்களோ என்று அத்தனையையும் யோசித்தேன். மேலே டைப் அடிக்கும் சத்தம் நிற்கவேயில்லை.

"முடிஞ்சிது. எய்ந்திரிங்க."

முடியவில்லை. இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன.

"முக்கா மணி நேரத்துக்கே இப்டியா?" என்று சிரித்தபடி கை கொடுத்துத் தூக்கினாள். "ஆமா, தூசின்னு சொன்னீங்களே. செவப்புத் தூசியா?"

நான் காலை உதறிக்கொண்டிருந்தேன்.

வேலை கிடைத்தது. இப்போது சாயங்காலத்தில் அவள் காலைச் சுவரில் வைப்பதில்லை, முதுகு வலிக்கிறது என்கிறாள். முன்பக்க ஓட்டைகள் இரண்டிலும் டேப் ஒட்டியிருக்கிறோம். அடுத்து வந்த ஆயுத பூஜையில் குங்குமக் கிண்ணத்தை என்னிடம் தராமல் அவளே வைத்துக்கொண்டாள். மூடியின் நட்ட நடுவில் ஒரே ஒரு பொட்டு வைத்தாள்.

"போதும்" என்றாள்.

போதுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.