சகலை அனுப்பிய தார்ப்பாய்

லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் அந்த மனிதருக்குச் சர்க்கரை கிடையாது, ரத்தக்கொதிப்பு கிடையாது. இருந்த ஒரே வியாதி அவருடைய சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவன். ஒரு காலத்தில் இவர் கடையில்தான் தார்ப்பாய்க்குக் கயிறு கோக்கும் வளையம் அடித்துக்கொண்டிருந்தான். ஒன்றையாவது நேராக அடித்திருப்பானா என்றால், இல்லை. அப்புறம் அமைச்சருக்குக் கார்க் கதவு திறந்துவிடப் போனான். அன்றிலிருந்து அவன் காட்டில் மழைதான்.

புயல் சொல்லிவிட்டுத்தான் வந்தது. கேட்க வேண்டியவர்கள் அன்றைக்கு ஏதோ திறப்பு விழாவில் இருந்தார்கள். தெருவில் பாதி வீட்டின் கூரைத் தகடுகள் பறந்தன. தையற்காரர் வீட்டில் பின்னறைக் கூரை போயிற்று. கைக்குழந்தையோடு மகள் படுத்திருந்த அறை அது. கடையில் இருந்த பாயெல்லாம் சேற்றோடு போயிற்று.

நிவாரணத் தார்ப்பாய் டெண்டர் விடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், மானத்தை விட்டுச் சகலையிடம் போய் நின்றார். அவன் கதவில் சாய்ந்துகொண்டு, “பார்க்கலாம் சகலை, சொல்லி வைக்கிறேன்” என்றான். டெண்டர் அவனுக்கே போனது. கூரை பறந்தபோதுகூட இவருக்கு வயிறு அப்படி எரியவில்லை.

“ஒரு வளையம் அடிக்கத் தெரியாது, ஊருக்கே பாய் கொடுக்கிறானாம். அவனுக்கென்ன, ஆள் இருக்கு” என்றார் மனைவியிடம்.

“உங்களுக்கே வந்திருந்தாலும் ரெண்டு மிஷினை வச்சுக்கிட்டு என்ன செஞ்சிருப்பீங்க?”

“செஞ்சிருப்பேன்.”

என்ன செய்திருப்பார் என்று சொல்லவில்லை. மனசுக்குள் ஒரு மாடி கட்டி, சகலையினுடையதைவிடப் பெரிய கார் வாங்கி, அவன் வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பது வரை செய்து முடித்திருந்தார்.

நிவாரண லாரி முதலில் அமைச்சருக்கு வேண்டியவர்கள் இருக்கும் பக்கமெல்லாம் சுற்றியது. இந்தத் தெருவுக்கு வருவதற்குள் அடுத்த மழையே வந்துவிட்டது. கொடுத்த பாயைத் தூக்கிப் பிடித்தால் எதிரில் நிற்பவர் முகம் தெரிந்தது. எதிர்வீட்டு இஸ்திரிக்காரம்மா கட்டிய பாய் முதல் காற்றிலேயே நார்நாராகக் கிழிந்தது. தையற்காரர் வாசலில் நின்று பார்த்தார். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. சந்தோஷம் என்று சொன்னால் பாவம், ஆனால் சந்தோஷம்தான்.

“பார்த்தியா, நான் சொன்னேன்ல?”

“உங்களுக்குக் கோவம் பாய் மட்டமா இருக்குன்னா, இல்ல அதை அவர் வித்துட்டாருன்னா?” என்றாள் மனைவி.

அவன் கை பட்ட பாய் வேண்டாம் என்று இவர் வாங்கவே இல்லை. மாறி மாறி மகளும் மனைவியும் குழந்தைக்குக் குடை பிடித்தார்கள். குழந்தைக்கு இருமல் ஆரம்பித்தது.

அந்த நேரத்தில்தான் சகலையின் டிரைவர் ஒரு தார்ப்பாயைக் கொண்டுவந்து போட்டான். பச்சை நிறம், நல்ல கனம். பிரித்ததும் மூலையில் இருந்த இரட்டைத் தையல் இவரைப் பார்த்தது. சகலையின் கார் ஷெட்டுக்கு இவரே தைத்துக் கொடுத்தது. தினமும் அதைப் பார்த்து அவன் வெட்கப்பட வேண்டும் என்று கறுவிக் கறுவித் தைத்தது. அவர் வேலையிலேயே அதுதான் உசத்தி.

“திருப்பிக் கொண்டு போ” என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே குழந்தை இருமியது. மனைவி கயிற்றை நீட்டினாள். ஏறிக் கட்டினார். அதன்பின் ஒரு சொட்டு இறங்கவில்லை.

இஸ்திரிக்காரம்மா வந்து அண்ணாந்து பார்த்தாள். “நல்ல பாயெல்லாம் சொந்தக்காரங்களுக்கு, எங்களுக்குக் கொசுவலை. உங்களுக்கென்னண்ணே, ஆள் இருக்கு.”

அவருக்குச் சுருக்கென்றது. “இது நான் தைச்சதும்மா. தையலைப் பாரு.”

“சரி, நீங்கதான் தைச்சீங்க” என்று அவள் நம்பாமலே சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “உங்க சகலைகிட்டச் சொல்லி எங்களுக்கும் இப்படி ஒண்ணு வாங்கித் தாங்கண்ணே. வீட்டுக்குள்ள அடுப்பு வைக்கக்கூட நனையாத இடமில்ல. நீங்க சொன்னா கேட்பாரு.”

அவள் கண் பாயை விட்டு நகரவில்லை. அந்தப் பார்வை இவருக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அவர் முகத்தில் இருந்ததுதான். இன்னொருத்தர் முகத்தில் இருந்து தன்னைப் பார்க்கும்போது அது இத்தனை இனிக்கும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

இதுபோல வேறு பாய் கிடையாது என்று சொல்லியிருக்கலாம். மிஷினைக் கழுவிவிட்டு நானே ஒன்று தைத்துத் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கலாம். அவர் மெல்லக் கதவில் சாய்ந்துகொண்டார்.

“பார்க்கலாம்மா” என்றார். “சொல்லி வைக்கிறேன்.”

உள்ளே குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது.