புள்ளைத்தாச்சி ஊசி

கண்ணகையைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் அவளைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டால் என் யோக்கியதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வவுணதீவுப் பக்கம் பதினான்கு வருடம் மருத்துவமாதாக இருந்தவள் அவள். சண்டைக்குப் பயந்து மற்றவர்கள் டவுனுக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு போனார்கள், இவள் போகவில்லை. வாவிக்கு அக்கரையிலிருந்து தடுப்பு மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து, சைக்கிளில் கட்டிக் கொண்டுவருவாள். பாலத்து ஆமிச் சென்றியில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு யாருக்கு மருந்து என்று துருவித் துருவிக் கேட்பார்கள். ஆண்களுக்கு என்று சொன்னால் இயக்கத்துக்குத்தான் போகிறது என்று பறித்துவிடுவார்கள். அதனால், எல்லாம் புள்ளைத்தாச்சிகளுக்கு என்று சொல்லிச் சொல்லியே அவள் பெட்டியைக் காப்பாற்றினாள்.

அதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கும் இரணஜன்னி வராமல் போடும் ஏற்பூசி என்றால் புள்ளைத்தாச்சி ஊசி என்றே ஆகிவிட்டது. மண்ணிலும் சாணத்திலும் புழங்கும் ஆண்களுக்குத்தான் அது முதலில் வேண்டும் என்று அவள் வீடு வீடாகச் சொன்னாள். சின்ன வயதில் போட்டது ஆயுளுக்கும் காணாது என்றாள். நாங்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வேறு கதைக்குப் போனோம்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, விதைப்புக்கு முந்திய ஒரு நாள். பள்ளிக்கூடத்தில் கிளினிக். ஒரு போத்தல் மருந்து பத்துப் பேருக்குக் காணும். அன்றைக்கு வந்த புள்ளைத்தாச்சிகள் மூன்று பேர்தான். திறந்த போத்தல் பிறகு உதவாது, மிச்சத்தை மத்தியானம் வெளியே ஊற்றிவிட வேண்டும். மண்வெட்டியோடு வயல் வட்டைக்குப் போய்க்கொண்டிருந்த எங்களைப் பள்ளிக்கூடப் படலையில் நின்று மறித்தாள். அவளுடைய புருஷன் கோணாமலையும் எங்களோடு வந்தான். அவன் நல்லவன், பெண்சாதி சொன்னதும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டான்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"ஏன் மச்சான், உனக்கு இது எத்தினையாம் மாசம்?"

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கோணாமலையும் சிரித்தான். சிரித்தபடியே சட்டைக் கையை இறக்கிவிட்டான். கண்ணகை மருந்தைக் கொண்டுபோய் ஊற்றினாள்.

மூன்று கிழமை போயிருக்கும். வட்டைக்குள் சேற்றில் புதைந்து கிடந்த பழைய முள்ளுக்கம்பி கோணாமலையின் குதிக்காலில் ஏறியது. சின்னக் காயம். மண்ணெண்ணெய் விட்டால் மாறிவிடும் என்றேன். விட்டான்.

"அவளுக்குச் சொல்லிராத மச்சான். சொன்னா ஊசியோட நிப்பாள்" என்றான்.

நான் சொல்லவில்லை. பெரிய இரகசியம் காத்தவன் நான்.

ஒன்பதாம் நாள் கடைவாய்ப் பல் குத்துகிறது, சோறு மெல்ல முடியவில்லை என்றான். கண்ணகை வாயைத் திறக்கச் சொன்னாள். இரண்டு விரல் போகும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. அவளுக்கு அந்த இடத்திலேயே ஏற்பு என்று விளங்கிவிட்டது. காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

ஆமி இரண்டு நாள் பாதையைப் பூட்டி வைத்திருந்தது. சென்றியில் போய் நின்று கெஞ்சினாள், ஏசினாள், நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். மூன்றாம் நாள் விட்டார்கள். அதற்குள் அவன் உடம்பு வில்லாக வளைந்துவிட்டது. டவுன் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து போய்ச் சேர்ந்தான்.

முப்பத்தோராம் நாள் முடிந்த கையோடு அவள் கிளினிக்குக்கு வந்தாள். அன்றைக்கு ஆண்கள் நாற்பது பேர் வரிசையில் நின்றோம். வெட்கம் கெட்டவர்கள். ஒருவன் செத்துக் காட்ட வேண்டியிருந்தது எங்களுக்கு.

என் முறை வந்தது. மன்னிப்புக் கேட்க நினைத்துப் போனவன், சட்டைக் கையைத்தான் சுருட்டினேன். அவள் கொப்பியைத் திறந்து, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"பேர் என்ன?"

என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். அவளுடைய கலியாணப் பேச்சுக்கே நான்தான் கோணாமலையோடு போனவன்.

"வினாயகமூர்த்தி" என்றேன். எழுதினாள். ஊசியைப் போட்டாள். ஒரு மாதத்தால் ஒன்று, அதிலிருந்து ஆறு மாதத்தால் ஒன்று என்றாள்.

இரண்டுக்கும் போனேன். இரண்டு தரமும் பெயரைக் கேட்டுத்தான் எழுதினாள்.