இறுகிப்போன ஆறு மூட்டை

தாம்பரம் கிழக்கில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் நான் தளம் போட்ட வீடு ஒன்று இருக்கும். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன்தான் நான். ஆனால் என் மட்டப்பலகை ஓடிய தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கியது என்று எவனும் சொன்னதில்லை. சேலையூரிலிருந்து மேடவாக்கம் வரை எத்தனை கொல்லைகளில் மண்ணை மூடியிருக்கிறேனோ, எனக்கே தெரியாது.

என் வீட்டுக் கொல்லையை மூடத்தான் நேரம் வாய்க்கவில்லை. அங்கே நான் ஒரு செடி நட்டதில்லை, ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை. துணி துவைத்த தண்ணீர் ஓடிய பக்கம் வாழையும் சேம்பும் தானாக வந்தன. கூட்டாத சருகில் செண்பகப் பறவை இரை தேடும். எலுமிச்சை இலையைத் தின்ற புழு வண்ணத்துப்பூச்சியாகிப் பறக்கும். நான் செய்த ஒரே வேலை, கை வைக்காமல் இருந்தது. அதிலும் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

போன ஆவணியில் அங்கே ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. எலிக்கு வந்த சாரைதான். மகன் அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டான்.

"நைனா, கொழந்த தவழ ஆரம்பிச்சிடுச்சு. நீ தளம் போடுறியா, இல்ல நான் ஆள் வெச்சு கல்லு பதிச்சிடட்டுமா?"

"என் வூட்ல இன்னொருத்தன் பூச்சுக் கரண்டி புடிக்கிறதா? எனக்கு ஒரே நாள் வேலைடா!"

மறுநாளே மணலும் ஆறு மூட்டை சிமென்ட்டும் இறங்கின.

சேம்பை வெட்ட அரிவாளோடு போனேன். இலைகளுக்கு நடுவே ஒரு குச்சிக் கூடு, அதில் புள்ளி போட்ட ஐந்து முட்டைகள். வெள்ளை மார்புக் கானாங்கோழி ஒன்று வாழைக்குப் பின்னால் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. முன்பு ஏரிக்கரையில் பார்த்த பறவை. அந்த ஏரிக்கரையில் இப்போது நிற்கும் வீடுகளுக்கும் தளம் போட்டவன் நான்தான். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. முட்டைக்காக வேலையை நிறுத்தினான் என்றால் என் பேர் என்னாவது? முட்டி வலி என்றேன். மணல் ஈரம் என்றேன்.

மழைக்காலத்தில் சும்மா கிடக்கும் மூட்டையைக் காற்றின் ஈரமே கல்லாக்கிவிடும். அது எத்தனை நாள் தாங்கும் என்று எனக்கு அத்துப்படி. முட்டை எத்தனை நாளில் பொரியும் என்பதுதான் தெரியாது. விடிந்ததும் மூட்டையின் மூலையை அழுத்திப் பார்ப்பேன், பிறகு சேம்பை விலக்கிப் பார்ப்பேன். சாப்பாட்டில் பாதியில் எழுந்து போவேன்.

"இன்னாயா, பத்து தபா பின்னாடி போய்னு வர்ற? ஊரு கொல்லையெல்லாம் பூசின கை சொந்த வூட்ல நடுங்குதா?" என்றாள் என் மனைவி.

கூட்டைக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அந்த மூட்டைய அடுத்த தெரு வேலைக்காச்சும் குடேன். வீணாப் பூடும்."

"குடுத்தா நான் போட மாட்டேன்னு ஆயிடும்."

"அப்போ போடப் போறியா?"

மூட்டையை அழுத்திப் பார்க்க மறுபடி பின்னால் போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் கல் பதிக்கிறவரையே கூட்டி வந்துவிட்டான். அவர் டேப்பை இழுத்துக்கொண்டு சேம்புப் பக்கம் காலைத் தூக்கினார்.

"நில்லுய்யா!"

என் சத்தத்தில் கானாங்கோழி வெளியே ஓடியது. அதன் பின்னாலேயே கரி பூசிய பஞ்சு உருண்டைகள் போல நான்கு குஞ்சுகள் ஓடின. நேற்றுவரை முட்டையாக இருந்த ஐந்தில் நான்கு.

மகன் அவை வாழைக்கடியில் மறையும்வரை பார்த்தான். பிறகு மூட்டையைக் காலால் தட்டினான். கல்.

"இதுக்கா நைனா? நீ ஒரு கை சிமென்ட்டக் கீழ சிந்தவிட மாட்டியே."

வந்தவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அவனே அனுப்பிவிட்டான்.

குழந்தை இறங்காதபடி பின்வாசலில் மரத்தடுப்பு ஒன்று அடித்தேன். இறுகிய மூட்டைகளை நானும் மகனும் புரட்டி, வாசலிலிருந்து துவைக்கிற கல்வரை பதித்தோம். செடிக்குள் கால் வைக்காமல் நடக்கலாம். என் கையில் ஒரு மூட்டையும் வீணானதில்லை.

மற்ற மண் அப்படியே கிடக்கிறது. கைதான் இன்னும் துறுதுறுக்கிறது. அதனால் தினமும் நாலு தடவை போய் அந்த மூட்டைகளை மிதித்துப் பார்த்துவிட்டு வருகிறேன். ஒன்றுகூட ஆடவில்லை.