நடிக்கிறான் என்றோம்: தம்பியின் முதுகுவலியோடு கோரிமேடு வரை

மூணாறு, கூர்க் என்று சுற்றி எழுதிய எனக்கு, வீட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் போக இரண்டு வருடம் ஆனது. போன ஆடி முடிந்த கையோடுதான் தம்பி குமாரைக் கோரிமேடு பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அவனுக்கு இருபத்தேழு வயது. இரண்டு வருடமாகவே விடியற்காலையில் முதுகு விறைத்துப்போய், எழவே முக்கால் மணி நேரம் பிடிக்கும். படகேறி வலை இழுக்க ஆரம்பித்தால் வலி குறைந்துவிடும். 'நடிக்கிறான், சோம்பேறி' என்றார்கள் படகுக் கூட்டாளிகள். இனிமேல் படகில் இடமில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் ஊர் வீராம்பட்டினத்தில் காலை 6.15க்கு பஸ். டவுன் பஸ் ஸ்டாண்டில் மாறி 7.20க்குக் கோரிமேட்டில் இறங்கினோம். ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய்.

"சீட்டு காலியாத்தான இருக்கு, உக்காருப்பா" என்றார் கண்டக்டர், குமாரிடம்.

"நின்னாதாண்ணே நல்லா இருக்கு."

இது என்ன முதுகுவலியோ என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

விழுப்புரம், கடலூர் ஆட்களெல்லாம் எங்களுக்கு முன்பே வரிசையில் நின்றார்கள். இட்லி கட்டிக்கொண்டு போனதால் பிழைத்தோம். பதினொன்றரைக்கு மூட்டுவாதப் பிரிவில் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா முதலில் கேட்டதே வேறு.

"வலி எப்ப கொறையுது?"

"வேல செஞ்சா கொறையுது மேடம். அதான் நடிக்கிறன்றாங்க."

"படுத்தா கூடி, நடந்தா கொறைஞ்சா, அதுதாம்பா நாங்க தேடுற அடையாளம்."

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்து இரண்டு வாரம் கழித்து உறுதியானது: முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி. கவனிக்காமல் விட்டால் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாமாம். மாத்திரையும் தினசரி உடற்பயிற்சியும் எழுதிக் கொடுத்தார். மாத்திரைக்கு வலி கேட்காவிட்டால் ஊசி இருக்கிறது, பீடியை மட்டும் விட்டுவிடு என்றார். அந்த அம்மாவுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

கிளம்பும்போது குமார் தயங்கி நின்றான். "சோம்பேறி இல்லன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க மேடம்."

"அத உங்க அண்ணன் போய்ச் சொல்லட்டும்."

சொன்னேன். அன்று சாயங்காலமே கூட்டாளிகளிடம் போய், "நானுந்தான் தப்பா பேசிட்டன்" என்றுதான் ஆரம்பித்தேன்.

உங்கள் வீட்டிலும் நாற்பத்தைந்து வயதுக்குள் யாருக்காவது மூன்று மாதத்துக்கு மேல் இப்படி வலி இருந்தால், மூட்டுவாத டாக்டரைப் பாருங்கள். இந்த நோய் கண்ணையும் தாக்கலாமாம்; கண் சிவந்து வலித்தால் அதையும் சொல்லுங்கள். பழைய மருந்துச் சீட்டுகளோடு காலை ஏழரைக்குள் போய்விடுங்கள்.

குமார் மறுபடி கடலுக்குப் போகிறான். முதுகு இளக நேரம் வேண்டுமே என்று, அவனுக்கு மட்டும் அரை மணி முன்னதாகவே போன் அடித்து எழுப்பிவிடுகிறார்கள் கூட்டாளிகள்.