குதிரைக்குக் கிடைத்த மேடை

அந்தக் குதிரையை ஏற்பாடு செய்தது நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்... வேறு யாரோ சொல்லி உங்களுக்குத் தெரியவேண்டாம்.

எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்தின் சுதந்திர தின விழாக் கமிட்டிக்கு நான் செயலாளர். பத்தி எழுதுகிறவனுக்கு வேறு வேலை கிடையாது என்பது ஊருக்குத் தெரியும். இந்த வருஷம் ஒரு முன்னாள் ராணுவ வீரரை மேடை ஏற்றலாம் என்றேன். கல்லிடைக்குறிச்சியில் முத்தையா அண்ணாச்சி இருக்கிறார். ரிசால்தாராக ஓய்வு பெற்றவர். குதிரைப்படை ரெஜிமெண்ட்.

குதிரைப்படை என்று கேட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா? என் வீட்டில் நாலு அலமாரி சரித்திரப் புத்தகம் இருக்கிறது. கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் வெள்ளைக் குதிரை ஒன்றை அன்றைக்கே பேசி முடித்தேன். அதற்குப் பிறகுதான் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். வரிசையைக் கவனியுங்கள்.

“குதிரையா?” என்றார் அண்ணாச்சி. “எங்க ரெஜிமெண்டுல குதிரை போயி டாங்கி வந்தது நீரு பொறக்கதுக்கு முந்தி வே. இருவத்தெட்டு வருசம் நான் டாங்கியில பீரங்கி சுட்ட ஆளு. குதிரையெல்லாம் மெஸ்ஸுல படமா மாட்டியிருக்கும்.”

குதிரை போனாலும் குதிரைக்காரர்களின் வழக்கம் போகவில்லையாம். முதலில் குதிரைக்குத் தண்ணீர், அடுத்து சேணம், கடைசியில்தான் மனிதனுக்குச் சோறு. டாங்கி வந்த பிறகும் அதே கதைதான் — டீசல் ஊற்றி, மண்ணைத் துடைத்து, மூடி போட்டுவிட்டுத்தான் சாப்பாட்டுத் தட்டைத் தொடலாம்.

“வாரேன் வே. ஆனா மைக்குல ஒரு பேரு சொல்லணும்.”

காதர் மைதீன். மேலப்பாளையத்துக்காரர். அண்ணாச்சியின் டாங்கியை ஓட்டியவர். எழுபத்தொன்று பாகிஸ்தான் சண்டையில் டாங்கி கண்ணிவெடியில் ஏறியது. கீழே முன்னால் இருந்தவர் காதர். மேலே பீரங்கியோடு இருந்தவர் இவர். காதரை அங்கேயே அடக்கம் செய்தார்கள். ஊருக்கு ஒரு தந்தி வந்தது. அவ்வளவுதான்.

“அவன் அக்கா இருக்காவ. ஊரு கூடியிருக்கும்போது அவுக காதுல அந்தப் பேரு விழணும்.”

கட்டாயம் என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். குதிரை வருகிறது என்று நோட்டீஸ் அடித்தாகிவிட்டதே என்று இழுத்தேன்.

“ஏறுனா பேசவிடுவியளா?”

“விடுவோம் அண்ணாச்சி.”

ஏறினார். மூன்று பேர் சேர்ந்து தூக்கிவிட்டோம். நெஞ்சில் மெடல்கள், சட்டைப்பையில் நாலாக மடித்த தாள். அதுவரை எல்லாம் சரி. பள்ளிக்கூட பேண்ட் அடிக்க ஆரம்பித்தது... கல்யாணக் குதிரை அல்லவா? அது ஆட ஆரம்பித்துவிட்டது.

தொப்பி விழுந்தது. அண்ணாச்சி பிடரி மயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் ஒரே விசில். “ஏலே, பெருசு விழப்போவுதுலே” என்று ஒரு குரல். தாமதமாக வந்த சிறப்பு விருந்தினர் இன்னொரு சுற்று பார்க்க ஆசைப்பட்டார். சுற்றினார்கள். அப்புறம் அவர் குதிரைப்படையின் பெருமை பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அவருக்கு அடுத்த விழாவுக்கு நேரமாகிவிட்டது. விழாவை முடிக்கச் சொல்லிக் கமிட்டிக்காரர்கள் எனக்குக் கண் காட்டினார்கள். நானும் தலையாட்டினேன். தேசிய கீதம் பாடிவிட்டார்கள்.

முன்வரிசையில் கறுப்புத் துப்பட்டியோடு உட்கார்ந்திருந்த காதரின் அக்கா எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார். மைக்செட்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சியைக் குழாயடியில் கண்டுபிடித்தேன். சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் சுவர்மேல் இருந்தது. குதிரைக்கு வாளியில் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். தாள் இன்னும் பையில்தான்.

“மன்னிச்சிருங்க அண்ணாச்சி.”

“எதுக்கு வே? எங்க வழக்கப்படிதான செஞ்சிருக்கீரு. மொதல்ல குதிரை. மனுசன் கடைசியிலதான்.”

சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

ராணுவ வீரரை நமக்கு ரொம்பப் பிடிக்கும் — குதிரைமேல் இருக்கிறவரை. இறங்கி வந்து ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால் எழுந்து நின்று தேசிய கீதம் பாடிவிடுவோம். அப்போது யாரும் பேசக்கூடாது அல்லவா?

மறுநாள் மேலப்பாளையம் போனேன். காதரின் அக்கா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். கேட்டதோடு விடாமல், “வாராவாரம் பத்திரிகையில எழுதுதேன்மா. அதுல உங்க தம்பி பேரைப் போட்டுருதேன்” என்றும் சொன்னேன், ஏதோ பெரிய உபகாரம் மாதிரி.

அவர் கை நிற்கவில்லை.

“போடுங்க தம்பி. ஆனா குதிரையப் பத்தி எழுதிராதீங்க. பொறவு படிக்கவங்க அதத்தான் நெனப்புல வச்சிருப்பாங்க.”