மூன்று பாட்டில் சரக்கும் ஒன்பது பாட்டில் சர்பத்தும்

போன செவ்வாய்க்கிழமை காலை இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோது போன் அடித்தது. மரகதத்தின் தம்பி மகன் சேகர். "ஆன்ட்டி, அத்தை விடியக்காலம் தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றான். அடுப்பை அணைத்தேன். பிறகு மறுபடியும் பற்றவைத்தேன். ஊற்றிய மாவை என்ன செய்வது.

இரண்டு நாள் கழித்து சேகர் மறுபடி பேசினான். "உங்க ஆபீஸ்ல ரிடையர் ஆனவங்க போடற மலர்ல அத்தையப் பத்தி நீங்கதான் எழுதறீங்களாமே. எழுதுங்க ஆன்ட்டி. அந்த அலமாரி விஷயம் மட்டும் வேணாம். என் பொண்ணுக்கு வரன் பாத்துட்டிருக்கோம். பாட்டிலப் பாத்த சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் வெறும் சர்பத்துன்னு சொல்லிச் சமாளிச்சு வெச்சிருக்கேன்." நான் "சரிப்பா" என்று போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அந்தச் 'சரிப்பா' மீது எனக்குக் கோபம் வந்தது. சேகர் நல்ல பையன். அத்தையைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவன். ஆனாலும் நான் அந்த அலமாரியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அவன் என்னிடம் பேசாமல் போனாலும் போகட்டும்.

நந்தனம் அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்த மரகதத்தை உங்களுக்கெல்லாம் தெரியும். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை, தப்பான விலாசம் எழுதிய உறையைத் திருப்பி நம் மேஜை மேல் வைக்கும்போது ஒரு பார்வை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "கேட்டவங்க யாரும் சரியில்ல, சரியா இருந்தவங்க கேக்கல" என்பாள். மந்தைவெளியில் இரண்டாவது மாடியில் ஒரு வாடகை வீடு. தனிப் பெண்ணுக்கு வீடு கொடுக்க மயிலாப்பூரில் ஒருவரும் முன்வராத காலம் அது. "வீட்டுக்காரர் எங்க வேலை பாக்கறார்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி, எட்டாவதாகக் கிடைத்த வீடு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம் மேலாளர் ஒருவருக்குப் பிரிவுபசார விழா நடந்தது நினைவிருக்கும். பேச்செல்லாம் முடிந்து ஆண்கள் தி.நகர் ஓட்டல் ஒன்றுக்குக் கிளம்பினார்கள். எங்களுக்கு ஆளுக்கொரு மிக்சர் பொட்டலமும் ஆரஞ்சு கூல்டிரிங்க்கும் கொடுத்து, "லேடீஸ்லாம் கெளம்புங்க, நேரமாயிடும்" என்றார்கள். அப்போது மணி ஐந்தேகால். வெயில்கூட இறங்கவில்லை. பஸ்ஸில் மரகதம் அந்த மிக்சரைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தாள். "எனக்குக் குடிக்கணும்னு ஒண்ணும் ஆசை இல்ல லலிதா. ஆனா கெளம்புன்னா கெளம்பறது பிடிக்கல. நம்ம வீட்ல நாமளே ஒண்ணு வெச்சுப்போம்" என்றாள். ஏதோ கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த மாதச் சம்பளத்துக்கு மறுநாள் என்னைக் கடைக்குத் துணைக்கு அழைத்தாள். நான் பாண்டி பஜாருக்கு என்று நினைத்துப் போனேன். அவள் நேராகப் போய் நின்றது ஒரு ஒயின் ஷாப் வரிசையில், குடையும் ரேஷன் பையுமாக. நான் எதிர்ச்சாரியில் ஒரு வளையல் கடை நிழலில் ஒதுங்கிக்கொண்டு, அவளைத் தெரியாதவள் மாதிரி நின்றேன். முன்னால் நின்ற நாலு பேர் தாமாகவே விலகி வழி விட்டார்கள். அவள், "வரிசையிலயே வரேன்" என்று அங்கேயே நின்றாள். முறை வந்ததும் கம்பிக்குப் பின்னால் இருந்தவர் கேட்டது எதிர்ச்சாரி வரை கேட்டது.

"யாருக்கும்மா? வூட்டுக்காரருக்கா?"

"எனக்குத்தாம்பா. ரம்மு, அரை பாட்டில் போதும். பேப்பர்லாம் சுத்த வேணாம்."

அந்த மனிதர் ஒரு நொடி அவளைப் பார்த்துவிட்டு, தூசியைத் தன் சட்டையிலேயே துடைத்துக் கொடுத்தார்.

இப்படித்தான் ஆரம்பித்தது. மாதத்துக்கு ஒன்று: முதல் மாதம் ரம், அடுத்தது பிராந்தி, மூன்றாவது ஜின். அதற்கு மேல் வகை கிடையாது. தீர்ந்தால்தான் அடுத்தது. "காசு இல்லேன்னா கம்மியா வாங்கலாம், மட்டமா வாங்கக் கூடாது" என்பது அவள் கட்சி. ஆனால் மூன்றே பாட்டிலை வைத்தால் அலமாரி பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. பழைய பேப்பர் கடைக்குப் போய், வெளிநாட்டு லேபிள் ஒட்டிய காலிப் பாட்டில்களாகப் பார்த்து ஒன்பது வாங்கி வந்தாள். வெந்நீரில் கழுவி, நன்னாரி, எலுமிச்சை, இஞ்சி, நெல்லிக்காய் என்று தானே பாகு காய்ச்சி ஊற்றினாள். கடையில் விற்கிற சோடாவும் பாகும் சரக்கைவிடச் செலவு வைக்கும் என்று கணக்காகச் சொல்வாள். சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு வெல்லம் கரைத்த பானகத்தில் அவள் ரம் கலந்து கொடுத்ததைக் குடித்தவர்கள் நம்மில் ஏழெட்டுப் பேராவது இருப்பீர்கள். இப்போது தலையைக் குனிந்துகொள்ளாதீர்கள்.

கண்ணாடித் தம்ளர்கள் பாண்டி பஜார் நடைபாதையில் வாங்கியவை. செட்டில் உடைந்தது போக மிஞ்சிய ஒற்றைகள், ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. அதனால் ஆளுக்கொன்று என்று ஆகிவிட்டது. என்னுடையது பச்சைக் கோடு போட்டது. அளவுக்கு இருமல் மருந்து மூடி. இரண்டு மூடிதான் ஒரு ஊற்றல், இரண்டு ஊற்றல்தான் ஒரு ஆளுக்கு. மூன்றாவது கேட்டால் பெருங்காயம் போட்ட மோர் வரும். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து நாங்கள் அவள் வீட்டில் ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் ஏழு மணிக்குக் கடையைக் கட்டிவிடுவோம்.

மூடியால் அளந்து ஊற்றும் வேலை டெலிபோன் ஆபரேட்டர் ஸ்டெல்லாவுடையது. சாந்தோம் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண். அவள் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை, இஞ்சித் தண்ணீர்தான். ஒரு நாள் யாரோ, "நீ எதுக்குடி இங்க வர்றே?" என்று கிண்டல் செய்தார்கள். "எங்க வூட்டாளு குடிச்சிட்டு வந்தா நானும் புள்ளையும் பாத்ரூம்ல பூட்டிக்குவோம்க்கா. பாட்டில பாத்தாலே தாப்பாளத் தேடுவேன். இங்க நானே ஊத்துறேன், நானே மூடி வெக்கிறேன். ஒண்ணும் ஆவல. அதப் பாக்கத்தான் வந்துகினு கீறேன்" என்றாள். மரகதம் எழுந்துபோய் அலமாரிச் சாவியை அவள் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து சாவி ஸ்டெல்லாவிடம்தான்.

ஸ்டெல்லா ஒரு முறை ஐஸ் செலவை மிச்சப்படுத்துகிறேன் என்று, படகில் மீனுக்குப் போடுகிற பாளத்தில் ஒரு துண்டு உடைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். அன்று ஜின் முழுக்க வஞ்சிரம் வாடை. நான் கீழே வைத்துவிட்டேன். மரகதம் கடைசிவரை குடித்துவிட்டு, "சைட் டிஷ் செலவும் மிச்சம்" என்றாள்.

அலமாரிக்குத் திரை போடச் சொல்லி நான் எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறேன். மற்ற வீடுகளில் தஞ்சாவூர்த் தட்டும் செட்டியார் பொம்மையும் நிற்கிற ஹால் ஷோகேஸ் அது. கதவைத் திறந்தால் மாடிப்படியிலிருந்தே தெரியும். "ஒளிச்சு வெச்சாத்தான் கெட்ட பழக்கம், எடுத்து வெச்சா வெறும் பழக்கம்" என்பாள். நானோ வீட்டுக்குக் கிளம்புமுன் ஏலக்காயும் கிராம்பும் மென்றுவிட்டுப் போகிறவள். சனிக்கிழமைகளில் மரகதம் வீட்டில் பஜனை என்று என் கணவர் நம்பிக்கொண்டிருந்தார்.

ஒரு நவராத்திரிக்கு, கொலுவுக்கு அழைக்க வந்த கீழ் வீட்டு மாமி கண்ணில் அந்த அலமாரி பட்டுவிட்டது. மாமியின் கணவர்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். வீட்டு உரிமையாளர் பெங்களூரில் இருந்ததால் அவருக்குப் பதிலாகப் பார்த்துக்கொள்வதும் அவரே. இரண்டாம் நாள் மோட்டார் ரூம் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. குடும்பங்கள் வசிக்கும் கட்டடம், மதுப்புட்டி வைத்திருப்பவர் காலி செய்ய வேண்டியிருக்கும், ஞாயிறு காலை நேரில் விசாரணை. மரகதம் பதறவில்லை. "ஞாயித்துக்கிழமை நீயும் ஸ்டெல்லாவும் வாங்க. நாலு பேர் வர்றாங்க, காபி போடணும்" என்றாள். ஆனால் அன்று முழுவதும் தபால்களை அவள் தப்புத் தப்பாகப் பிரித்ததை நான் பார்த்தேன். இன்னொரு எட்டு வீடு ஏறி இறங்க அவளுக்குத் தெம்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை செயலாளரும் மூன்று பேரும் வந்து சோபாவில் உட்கார்ந்தார்கள். ஸ்டெல்லா அலமாரியைத் திறந்தாள். செயலாளர் மேல் தட்டிலிருந்து ஒரு வெளிநாட்டுப் பாட்டிலை எடுத்து, மூக்கைச் சுளித்தபடியே திறந்து முகர்ந்தார். நன்னாரி. அடுத்தது எலுமிச்சை. அடுத்தது இஞ்சி. அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கெட்டவர் இல்லை பாவம், வேண்டாத வேலையைத் தலையில் கட்டிக்கொண்டவர்.

"என்னம்மா இது, சர்பத்தைப் போய் இந்த மாதிரி பாட்டில்ல ஊத்தி வெச்சிண்டிருக்கேள். எங்காத்துல வேற பயந்துட்டா. எல்லாமே சர்பத்துதானே?"

மரகதம் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஆமா சார். எல்லாமே சர்பத்துதான்."

வந்தவர்கள் காபியைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். விஷயம் முடிந்துவிட்டது. நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் மரகதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல சார்" என்றாள் மரகதம். "மேல ஒன்பது சர்பத்து. கீழ்த் தட்டுல மூணு இருக்கு பாருங்க, அது சரக்கு. ரம்மு, பிராந்தி, ஜின்னு. மூணும் என்னோடது."

"ஏம்மா, நான்தான் வழி விடறேனே" என்றார் அவர், கெஞ்சுகிற குரலில்.

"வழி வேண்டாம் சார். எனக்கு வீடு வேணும். இங்க இருந்து ஒரு சத்தம், ஒரு சண்டை கேட்டிருக்கீங்களா? உங்க வீட்டு வாசல்ல மணிபிளான்ட் வெச்சிருக்கீங்களே, அந்தப் பாட்டில்ல மொதல்ல என்ன இருந்ததுன்னு நான் என்னிக்காவது கேட்டேனா?"

நாலு பேரும் காபியைக் குடித்துவிட்டு, உரிமையாளருக்கு எழுதப்போவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். மரகதம் முந்திக்கொண்டு தானே எழுதினாள், பன்னிரண்டு பாட்டிலிலும் என்னென்ன இருக்கிறது என்று வரிசையாக. இருபது நாள் அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. பெங்களூரிலிருந்து ஒரு கார்டு வந்தது. வாடகை ஒழுங்காக வருகிறது, அலமாரிக் கண்ணாடி உடையாமல் பார்த்துக்கொள்ளவும். அவ்வளவுதான். அந்த வீட்டில்தான் கடைசிவரை இருந்தாள்.

என்னை அவள் அத்தனை சுலபமாக விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் படியிறங்கியதும் என் பக்கம் திரும்பினாள். "என்னக் காப்பாத்தறதா நெனச்சியா? நான் வரிசையில நின்னு வாங்கினத ஒரே வார்த்தையில இல்லேன்னு ஆக்கிட்டியே லலிதா" என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை. அடுத்த சனிக்கிழமை பச்சைக் கோடு போட்ட என் தம்ளரில் நன்னாரி மட்டும் ஊற்றச் சொன்னாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் அதேதான். "நீதான சொன்ன, எல்லாம் சர்பத்துன்னு. குடி." மூன்றாவது வாரம் நான் வீட்டில் என் கணவரிடம் பஜனை எல்லாம் இல்லை என்று சொன்னேன். அவர் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், பிறகு இறக்கிக்கொண்டார். அதை மரகதத்திடம் வந்து சொன்ன அன்று ஸ்டெல்லா எனக்கு இரண்டு மூடி அளந்து ஊற்றினாள். அன்று எனக்கு ஏலக்காய் தேவைப்படவில்லை.

சேகர் பாட்டில்களில் இருந்ததையெல்லாம் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கொட்டிவிட்டானாம். கொட்டட்டும், அவள் இருந்திருந்தால் தீர்ந்திருக்கும். நேற்று நான் மந்தைவெளிக்குப் போய் என் தம்ளரை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். சமையலறைக்குள் கொண்டுபோகவில்லை. ஹால் ஷோகேஸில், பேரன் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

மாலையில் சம்பந்தியம்மா வந்திருந்தார். காபி குடித்துக்கொண்டே ஷோகேஸைப் பார்த்து, "அழகா இருக்கே, சர்பத் தம்ளரா?" என்று கேட்டார்.

"இல்ல சம்பந்தி. ரம் குடிக்கிற தம்ளர். என்னோடது" என்றேன்.